பெர்சியும் மெதூசாவும்: கிரேக்கப் புராண நாவல்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் மகளுக்கு 11 வயது. பெர்சி ஜாக்சன் கதைகளை எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: 2005இல் வந்த ‘தி லைட்னிங் தீஃப்’ நாவலிலிருந்து. 2009 வரை வந்த ஐந்தையும் வந்த வரிசையிலேயே படிக்கட்டும். முதல் நாவலில் பெர்சிக்கே 12 வயதுதான். எழுதிய ரிக் ரியோர்டன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஏ.டி.எச்.டி.யும் (கவனம் நிலைக்காத துறுதுறுப்பு) டிஸ்லெக்சியாவும் (எழுத்துகளைப் படிப்பதில் சிரமம்) இருந்த தன் மகனுக்குத் தூங்கும் நேரத்தில் சொன்ன கதை இது. அதனால்தான் நாவலில், எழுத்துகள் குழம்பும் பிள்ளைக்குப் பழைய கிரேக்கம் தானாகப் படிக்க வருகிறது. ஓரிடத்தில் உட்கார முடியாத துறுதுறுப்பு சண்டையில் உயிரைக் காப்பாற்றுகிறது. படிக்கச் சிரமப்படும் பிள்ளை வீட்டில் இருந்தால் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். 2010இல் வந்த படத்தை மட்டும் முதலில் காட்டிவிடாதீர்கள்.

கேள்வி: புராண வீரன் பெர்சியஸ் தேவர்களின் அரசன் ஜீயஸின் மகன் ஆயிற்றே. நாவலில் பெர்சி கடல் தெய்வம் பொசைடனின் மகன் என்று வருவது தவறா?

பதில்: தவறில்லை. ஜீயஸுக்கும் டனாயிக்கும் பிறந்த பெர்சியஸ் வேறு, இந்தப் பையன் வேறு. பழைய பெர்சியஸ் நல்ல முடிவு கண்ட வீரன் என்பதால் அம்மா இவனுக்கு அந்தப் பெயரை வைக்கிறாள். அவள் எண்ணத்தில் நியாயம் உண்டு. மற்ற புராண வீரர்களைப் பாருங்கள். ஹெராக்ளிஸ் நஞ்சு தோய்ந்த ஆடையில் வெந்தான். ஜேசன் மீது அவனுடைய பழைய கப்பலின் உளுத்த மரமே விழுந்தது.

கேள்வி: மெதூசாவை அதீனா தேவியின் கோயிலில் பலாத்காரம் செய்தவன் பொசைடன். கூந்தல் பாம்பாகும்படி அதீனா கொடுத்த சாபம் மட்டும் அவளுக்கு. அதீனாவைக் கிரேக்கர்கள் எப்படித்தான் கும்பிட்டார்கள்?

பதில்: எந்தப் புராணக் கதையானாலும் சொன்னது யார், எப்போது என்று முதலில் பாருங்கள். கோயில், பலாத்காரம், சாபம் மூன்றும் சேர்ந்த கதையை நமக்குத் தந்தவர் ஓவிட். அவர் ரோமானியர்; கி.பி. 8 வாக்கில் லத்தீனில் எழுதினார். கி.மு. 700 வாக்கில் பாடிய கிரேக்கக் கவிஞர் ஹெசியடிடம் சாபமே கிடையாது. கார்கன் என்ற மூன்று அரக்கச் சகோதரிகளில் மெதூசா மட்டும் சாகக்கூடியவள். வசந்தகாலப் பூக்கள் நடுவே, மென்மையான புல்வெளியில் பொசைடன் அவளோடு படுத்தான். அவ்வளவுதான் அங்கே. இரண்டுக்கும் இடையில் 700 ஆண்டுகள்!

கேள்வி: அப்படியானால் ஓவிட் சொன்னது பொய். அதை நம்பி எழுதிய நாவல்களும் பொய்தானே?

பதில்: இல்லவே இல்லை. கதையை மாற்றிச் சொல்வது கிரேக்கர்களே செய்த வேலை. அப்பொல்லோடோரஸ் பெயரில் உள்ள பழைய புராணத் தொகுப்பில், மெதூசா அதீனாவோடு அழகில் போட்டியிட்டதால் பெர்சியஸ் கையில் தலை போனது என்று ஒரு கதையும் இருக்கிறது. ஓவிடுக்கு இருந்த உரிமை இன்றைய நாவலாசிரியருக்கும் உண்டு. ஓவிடின் கதையை ‘கிரேக்கர்களின் நம்பிக்கை’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கேள்வி: ஓவிடுக்கு முன்னால் அவள் வெறும் அரக்கிதான் என்கிறீர்களா? கிரேக்கக் கவிஞர் பிண்டார் அவளை அழகிய கன்னம் கொண்டவள் என்கிறாரே.

பதில்: நல்ல இடத்தைப் பிடித்தீர்கள், நான் சொல்லாமல் விட்டது என் குறை. பிண்டாரின் அந்தப் பாட்டு கி.மு. 490ஐச் சேர்ந்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கி.மு. 450–440 கால ஜாடி ஒன்று இருக்கிறது. அதில் மெதூசா அழகான இளம்பெண்ணாகத் தூங்குகிறாள், பெர்சியஸ் கழுத்தில் அரிவாளை வைக்கிறான். பார்க்கவே மனம் கனக்கும். அவள்மீது இரக்கம் ஓவிடுக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது.

கேள்வி: எந்தப் புத்தகத்தை முதலில் படிக்க வேண்டும்?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: பெர்செபோனி பாதாள அரசன் ஹேடிஸை விரும்பித்தானே போனாள்? நான் படித்த நாவலில் அப்படித்தான்.

பதில்: மறுபடியும் அதேதான்: யார் சொன்னது, எப்போது? அவளுடைய தாய் டிமீட்டர் தேவி மீதான பழைய துதிப்பாடலில் அவள் பூப்பறிக்கும்போது ஹேடிஸ் தேரில் தூக்கிப் போகிறான். அவள் அலறுகிறாள். மாதுளை விதையைக்கூடத் தன்னைக் கட்டாயப்படுத்தித்தான் தின்ன வைத்தான் என்று தாயிடம் சொல்கிறாள். காதல் கதையாக எழுதுங்கள், படியுங்கள். அந்த அலறலை மறக்காதீர்கள்.

கேள்வி: ‘சர்சி’ நாவலை 12 வயதுப் பையனுக்குத் தரலாமா?

பதில்: வேண்டாம். அது பெரியவர்களுக்கான நாவல், பாலியல் வன்முறை வருகிறது.

கேள்வி: தோர், லோகி வரும் நார்ஸ் (வட ஐரோப்பிய) புராணக் கதைகள் பற்றி?

பதில்: அது என் துறை இல்லை.

கேள்வி: பெர்சி வரிசை எது முதலில்?

பதில்: மேலே இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, மெதூசாவை வைத்து நானும் ஒரு நாவல் எழுதப் பார்க்கிறேன். எல்லாரும் எழுதிவிட்டார்களே, என்ன மிச்சம்?

பதில்: தம்பி, அவளுடைய அக்கா தங்கைகள் மிச்சம். ஸ்தெனோ, யூரியாலி இருவருக்கும் சாவு கிடையாது. மெதூசா செத்த பிறகும் அவர்கள் இருந்துகொண்டே இருக்கிறார்கள். அதே பிண்டார் பாட்டை எடுத்துப் படியுங்கள். யூரியாலி அழுத ஓலத்தைக் கேட்டுத்தான் அதீனா குழலிசையை உண்டாக்கினாள் என்கிறார்.