டெக்சாஸ் கிராமப் பள்ளி மாவட்டம்: 67 சதவீதம் 42 ஆனது ஏன்?

வணக்கம். டெக்சாஸில் ஒரு கிராமப் பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) 3ஆம் வகுப்புக் கணிதத் தேர்ச்சி ஒரே ஆண்டில் 67இலிருந்து 42 சதவீதமாக விழுந்ததைப் பார்த்து, அங்கே குடிபோகலாமா என்று தயங்குகிறீர்கள். வகுப்பில் 12 பேர்தான் என்கிறீர்களே, அப்படியானால் அது 8 பேர் 5 பேரானது, அவ்வளவே. ஒரு பிள்ளையே 8 சதவீதம்! ஓராண்டு எண்ணை நம்பாதீர்கள்.

டெக்சாஸ் கல்வி முகமையின் தளத்தில் டிஏபிஆர் (TAPR) என்ற ஆண்டுதோறும் வரும் பள்ளிச் செயல்திறன் அறிக்கையின் தரவை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு இறக்கி, தேர்ச்சி பெற்றோரையும் தேர்வு எழுதியோரையும் தனித்தனியே கூட்டி வகுத்துப் பாருங்கள். சதவீதங்களைச் சராசரி எடுத்தால் கணக்கு தப்பும். எண் இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது பூஜ்யம் அல்ல. எண்ணிக்கை குறைவானதால் மறைத்திருக்கிறார்கள்.

அதே அறிக்கையில் வரும் ‘பொருளாதாரத்தில் பின்தங்கிய மாணவர்கள்’ விகிதம் பெரும்பாலும் இலவச, சலுகை விலை மதிய உணவுத் தகுதியை ஒட்டியது. சலுகை விலைக்குக் குடும்ப வருமான வரம்பு அமெரிக்க அரசின் வறுமைக் கோட்டின் 185 சதவீதம். ஆக வேலைக்குப் போகும் குடும்பங்களும் அதில் வரும். அது அதிகமென்று பள்ளியை ஒதுக்காதீர்கள். ஒப்பிடுவதானால் அதே அளவு, அதே விகிதம் உள்ள பள்ளி மாவட்டத்தோடு ஒப்பிடுங்கள்.

என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதே அறிக்கையில் உள்ள ஆசிரியர் விலகல் விகிதமும் பணி அனுபவமும். வகுப்புக்கு ஒரே ஆசிரியர் உள்ள ஊரில் அவர் போனால் மொத்த வகுப்பும் ஆட்டம் காணும். பள்ளி மாவட்டத்தின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளரின் அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள்: 3ஆம் வகுப்பு ஆசிரியர் எத்தனை ஆண்டாக இருக்கிறார், ஆசிரியர் பணிச் சான்றிதழ் உண்டா, வாரம் நான்கு நாள் பள்ளியா?