எதில் மூட்டை கட்டுவது? ஜிப், ரார், செவன்-ஜிப் பற்றி உங்கள் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஃபைல்களைச் சுருக்கி ஒரே கட்டாக அனுப்புவது. எந்த மென்பொருளை வாங்குவது, காசு கொடுக்க வேண்டுமா, எதிர்ப்பக்கம் திறக்கவில்லையே என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஈரோட்டில் டிடிபி சென்டர் நடத்துகிறேன். நான்கு கம்ப்யூட்டரிலும் வின்ரார் இருக்கிறது. '40 நாள் முடிந்துவிட்டது, லைசென்ஸ் வாங்குங்கள்' என்று ஒரு கட்டம் வரும். மூடிவிட்டு வேலையைப் பார்ப்போம். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வைத்துக்கொள்வதென்றால் வாங்கத்தான் வேண்டும். அந்த 40 நாள் சோதித்துப் பார்ப்பதற்கான அவகாசம். அதன் பிறகும் மென்பொருள் ஓடுகிறது என்பதால் அது இலவசம் ஆகிவிடாது. வீட்டில் பயன்படுத்துபவருக்கும் இதே விதிதான். நீங்கள் அதை வைத்துத் தொழில் நடத்துகிறீர்கள் என்பதால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஆனால் உங்களுக்கு வின்ரார் தேவையா என்பதை முதலில் பாருங்கள். வாடிக்கையாளர் ரார் ஃபைல் (வின்ராரில் சுருக்கிய கட்டு) அனுப்புவார், அதைத் திறக்க வேண்டும் என்பதற்காகத்தான் பெரும்பாலானவர்கள் அதைப் போட்டு வைத்திருக்கிறார்கள். திறப்பதற்கு மட்டும் என்றால் செவன்-ஜிப் போதும். இகோர் பாவ்லோவ் 1999-இல் வெளியிட்டது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இலவசம். எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போடலாம், பதிவு எதுவும் வேண்டாம். ரார் ஃபைலைத் திறக்கும். ரார் ஃபைலைச் செய்யத்தான் அதனால் முடியாது, அந்த உரிமை வின்ரார்காரர்களிடமே இருக்கிறது. நீங்கள் திரும்ப அனுப்பும்போது ஜிப்பாக அனுப்பினால் யாருக்கும் சிரமம் இல்லை. உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 இருந்தால், 2023-இன் கடைசியில் வந்த அப்டேட் முதல் ரார், செவன்-இசட் (செவன்-ஜிப்பின் சொந்த வடிவம்), டார் (லினக்ஸில் வழக்கமான கட்டு) மூன்றையும் அதுவே திறக்கிறது. ஆனால் பாஸ்வேர்ட் போட்ட ரார், செவன்-இசட் என்றால் அதை நம்பாதீர்கள், செவன்-ஜிப்பையே பயன்படுத்துங்கள்.

எதை வைத்திருந்தாலும் பதிப்பு எண்ணைப் பாருங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன். வின்ரார், செவன்-ஜிப் இரண்டுமே தாமாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. டிடிபி சென்டர்களில் ஐந்து வருடத்துக்கு முன் யாரோ போட்டுக் கொடுத்த வின்ரார் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். 2025 ஜூலையில் வின்ராரில் அடைக்கப்பட்ட ஓட்டை ஒன்று மோசமானது: ஒரு ரார் ஃபைலைப் பிரித்தால், நீங்கள் சொன்ன இடத்தை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானாக ஓடும் ஃபோல்டருக்குள் வைரஸைக் கொண்டுபோய் வைத்துவிடும். வேலை கேட்டு அனுப்பிய பயோடேட்டா போல வேடமிட்ட ஃபைல்களில்தான் அதை அனுப்பினார்கள். தினமும் முன்பின் தெரியாதவர்களின் ஃபைலைத் திறக்கும் உங்கள் தொழிலுக்கு இது நேரடி ஆபத்து. வின்ரார் என்றால் 7.13-க்குக் கீழே இருக்கக் கூடாது. செவன்-ஜிப் என்றால் 25.01-க்குக் கீழே கூடாது. எப்போதுமே கிடைப்பதில் புதியதைப் போடுங்கள். செவன்-ஜிப்பை டாட் ஆர்க் என்று முடியும் அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடினால் முதலில் வரும் விளம்பரத்தைத் தொட வேண்டாம்.

கேள்வி: கல்யாண ஃபோட்டோகிராஃபர் நான். 38 ஜிபி படங்களை செவன்-ஜிப்பில் 'அல்ட்ரா' வைத்து ராத்திரி முழுக்க ஓட விட்டேன். காலையில் பார்த்தால் 37 ஜிபிக்கு மேல் இருக்கிறது. வேறு நல்ல மென்பொருள் வாங்கினால் குறையுமா?

குறையாது. காசைச் செலவழிக்காதீர்கள்.

கேமரா ஜேபெக் படத்தை எழுதும்போதே அதைச் சுருக்கித்தான் எழுதுகிறது. பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் நாலு சொட்டுதான் வரும். வீடியோ, எம்பி3 எல்லாமே அப்படித்தான். வேர்ட், எக்செல் ஃபைல்களும் உள்ளுக்குள் ஜிப்தான். ஒரு டாக்எக்ஸ் ஃபைலின் பெயர்க் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே ஃபோல்டர்கள் தெரியும்.

சுருங்குவது எது என்றால், திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவது. தமிழ் எழுத்து ஃபைல்தான் இதற்கு நல்ல உதாரணம். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு (எழுத்தோ, புள்ளி, கால் போன்றதோ) 3 பைட் செலவாகிறது. அதில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒன்றே. இரண்டாவது பைட்டுக்கும் இரண்டே வாய்ப்புகள்தான். அதனால் ஒரு பெரிய தமிழ் டெக்ஸ்ட் ஃபைல் கால்வாசிக்கும் கீழே இறங்கிவிடும். உங்கள் படங்களில் அப்படிப்பட்ட மிச்சம் எதுவும் இல்லை.

உங்களுக்கு ஜிப் தேவைப்படுவது ஆயிரம் படத்தை ஒரே ஃபைலாகக் கட்ட மட்டும்தான். அதற்குச் சுருக்கும் அளவை 'ஸ்டோர்' (சுருக்காமல் கட்டுவது) என்று வையுங்கள். ராத்திரி முழுக்க ஆனது சில நிமிடங்களில் முடியும், அளவும் ஏறக்குறைய அதேதான் வரும். பழைய பென்டிரைவில் போட்டுக் கொடுப்பதென்றால் அது ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கக்கூடும். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. அதற்காக ஃபைலைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் சேர்க்கத் தெரியாது. பென்டிரைவை எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்து, ஜிப்பே இல்லாமல் ஃபோல்டராகப் போட்டுக் கொடுங்கள். பல டிவிகளிலும் செருகிப் பார்க்கலாம். நாலைந்து படங்களை மட்டும் வாட்ஸ்அப்பில் தரம் குறையாமல் அனுப்புவதென்றால் 'டாக்குமெண்ட்' என்று அனுப்பினாலே போதும்.

கேள்வி: என்னிடம் மேக். அச்சகத்தில் விண்டோஸ். தமிழில் பெயர் வைத்த ஃபைல்களை ஜிப் செய்து அனுப்பினால், அங்கே பெயர் முழுக்கக் கிறுக்கலாகத் தெரிகிறதாம். '__மேக்ஓஎஸ்எக்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் வேறு, 'இது வைரஸா' என்று கேட்கிறார்கள்.

வைரஸ் இல்லை. மேக் தன் சொந்தக் குறிப்புகளை அந்த ஃபோல்டரில் வைக்கிறது. விண்டோஸில் அழித்துவிடலாம், எதுவும் கெடாது.

பெயர் கிறுக்கலாவதற்குக் காரணம் வேறு. ஜிப் வடிவம் 1989-இல் பில் காட்ஸ் உருவாக்கியது; எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு வருவதற்கு முந்தையது. 'இந்தப் பெயர் யூடிஎஃப்-8-இல் இருக்கிறது' என்று சொல்லும் ஓர் அடையாளத்தை 2006-இல்தான் அதன் விதிகளில் சேர்த்தார்கள். மேக்கில் ரைட் கிளிக் செய்து 'கம்ப்ரெஸ்' கொடுத்தால், பெயரை யூடிஎஃப்-8-இல் எழுதிவிட்டு அந்த அடையாளத்தைப் பல நேரங்களில் போடாமல் விட்டுவிடுகிறது. விண்டோஸ் அதைப் பழைய ஆங்கிலக் குறிமுறை என்று நினைத்துப் படிக்கிறது. அச்சகத்திலிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வாங்கிப் பாருங்கள். கிரேக்க ஆல்ஃபா போல ஓர் எழுத்தும், பக்கத்தில் இரட்டைக் கோண மேற்கோளும் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகமே வேண்டாம்: மேலே சொன்னேனே, தமிழ்க் குறிகளின் அந்த முதல் இரண்டு பைட்தான் அப்படித் தெரிகிறது. ஃபைலின் பெயர் எங்கும் போகவில்லை, தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

தீர்வு: மேக்கில் கேகா என்ற மென்பொருளைப் போடுங்கள். அதன் தளத்திலிருந்து இறக்கினால் இலவசம். ஆப் ஸ்டோரில் காசு கொடுத்தால் செய்தவருக்கு உதவியாக இருக்கும். மேக் குறிப்புகளைச் சேர்க்காதே என்று அதில் ஒரு தேர்வு இருக்கிறது, டிக் செய்துவிடுங்கள். வழக்கமாக்கும் முன் தமிழ்ப் பெயர் வைத்த ஒரு சிறிய ஜிப்பை அச்சகத்துக்கு அனுப்பிச் சோதித்துவிடுங்கள். ஏற்கெனவே கிறுக்கலாகப் போய்ச் சேர்ந்ததை மீட்க, விண்டோஸில் பாண்டிஜிப் போட்டு, கோட் பேஜ் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்தால் பெயர்கள் தமிழில் வந்துவிடும். இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், இதில் மாட்டியவர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. 'அம்மா' என்பதற்கே 15 பைட்: அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகள். கணக்குப் போட்டால் 85 தமிழ்க் குறிகளோடு பெயர் முடிந்துவிட வேண்டும். விண்டோஸில் கணக்கு வேறு, 255 குறிகள் வரை இடம் கொடுக்கும். 'எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழா இரண்டாம் நாள் மாலை ஊர்வலம்…' என்று நீட்டிப் பெயர் வைத்தால் விண்டோஸில் ஜிப் ஆகும், லினக்ஸில் பிரிக்கும்போது 'பெயர் மிக நீளம்' என்று நின்றுவிடும். தமிழில் பெயர் வையுங்கள், கட்டாயம் வையுங்கள். சின்னதாக வையுங்கள்.

கேள்வி: ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. வாடிக்கையாளர்களின் கணக்கு ஃபைல்களைப் பாஸ்வேர்ட் போட்டு ஜிப் செய்து மெயிலில் அனுப்புகிறோம். பாதுகாப்பானதா?

எந்த முறையில் பூட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜிப்பில் இரண்டு பூட்டு உண்டு. ஜிப்கிரிப்டோ என்பது பழையது. உள்ளே இருக்கும் ஃபைலின் ஒரு சிறு பகுதி தெரிந்தாலே உடைத்துவிடலாம் என்று எலி பிஹாம், பால் கோச்சர் இருவரும் 1994-இலேயே காட்டிவிட்டார்கள். ஏஇஎஸ்-256 என்பது உறுதியானது. வருத்தமான விஷயம், செவன்-ஜிப்பில் ஜிப் தேர்ந்தெடுத்தால் முதலில் நிற்பது பழைய பூட்டுதான். 'என்க்ரிப்ஷன் மெத்தட்' என்ற இடத்தில் நீங்களே ஏஇஎஸ்-256-க்கு மாற்ற வேண்டும்.

மாற்றினாலும் ஜிப்பில் ஃபைல் பெயர்கள் பூட்டப்படுவதில்லை. பாஸ்வேர்ட் இல்லாமலே திறந்து, உள்ளே யார் பெயரில் என்ன இருக்கிறது என்று எவரும் பட்டியல் பார்க்கலாம். வாடிக்கையாளர் பெயரும் பான் எண்ணும் ஃபைல் பெயரிலேயே இருந்தால்? உங்கள் வேலைக்கு செவன்-இசட் வடிவம்தான் சரி. அதில் 'என்க்ரிப்ட் ஃபைல் நேம்ஸ்' என்ற கட்டத்தை டிக் செய்தால் பெயர்களும் மறைந்துவிடும். வாடிக்கையாளர் கம்ப்யூட்டரில் செவன்-ஜிப் போட ஒரு முறை ஐந்து நிமிடம் செலவழித்துச் சொல்லிக் கொடுங்கள்.

அப்புறம், பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள். வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தை டெக்ஸ்டாக இறக்கினால் வரும் ஜிப்புக்கு அதுதான் சாவி என்பதால் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. நூறு வருடத்தில் இருப்பது 36,525 தேதிகள்தான். ஒரு சாதாரண லேப்டாப்பே சற்று நேரத்தில் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும். தொடர்பில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து வையுங்கள். அதை அதே மெயிலில் எழுதாமல் ஃபோனில் சொல்லுங்கள்.

கேள்வி: லினக்ஸுக்கு மாறியிருக்கிறேன். டார்.ஜிஇசட், டார்.எக்ஸ்இசட், டார்.இசட்எஸ்டி என்று வருகிறது. எதை எடுப்பது?

டார் வெறுமனே மூட்டை கட்டும். பின்னால் வருவதுதான் சுருக்கும் முறை. ஜிஇசட் 1992 முதல் இருப்பது, எங்கும் திறக்கும். எக்ஸ்இசட் நன்றாகச் சுருக்கும், மெதுவாகச் செய்யும். இசட்எஸ்டி 2016-இல் வந்தது. பிரிப்பதில் மிக வேகம். ஆர்ச் என்ற லினக்ஸ் வகை தன் மென்பொருள் கட்டுகளை எக்ஸ்இசட்டிலிருந்து இதற்கு மாற்றியபோது மொத்த அளவு ஒரு சதவீதம்கூடக் கூடவில்லை, பிரிக்கும் வேகமோ பல மடங்கு ஏறியது. உங்கள் சொந்த பேக்கப்புக்கு இசட்எஸ்டி, பிறருக்கு அனுப்ப ஜிஇசட். விண்டோஸ்காரருக்கு என்றால் ஜிப்.

கேள்வி: குடும்பப் பத்திரங்கள், பழைய படங்கள், கடிதங்கள் எல்லாம் ஸ்கேன் செய்துவிட்டோம். இருபது வருடம் வைத்திருக்க எந்த வடிவம் நல்லது?

இதற்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். அப்பா வெளியூரில் வேலை பார்த்தபோது எழுதிய கடிதங்கள் எங்களிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஸ்கேன் செய்து, எல்லாவற்றையும் ஒரே செவன்-இசட் ஃபைலாக, அதிகபட்சச் சுருக்கத்தில் கட்டி ஒரு ஹார்ட்டிஸ்கில் வைத்தேன். சில வருடம் கழித்துத் திறந்தால் 'சிஆர்சி எரர்', அதாவது உள்ளே இருப்பது கெட்டுவிட்டது என்ற எச்சரிக்கை. டிஸ்கில் ஒரு சிறு இடம்தான் பழுது. ஆனால் செவன்-இசட் ஃபைல்களைத் தனித்தனியாகச் சுருக்காமல் ஒன்றாகத் தொடுத்துச் சுருக்குகிறது, இடம் மிச்சமாவதே அதனால்தான். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்ததும் அதற்குப் பின்னால் இருந்த கடிதங்கள் ஒன்றும் வரவில்லை. அசல் தாள்கள் அதற்குள் கரையானுக்குப் போயிருந்தன.

அதனால் சொல்கிறேன்: ஸ்கேன் படங்களைச் சுருக்கவே வேண்டாம், சுருங்கவும் சுருங்காது. சாதாரண ஃபோல்டராக வையுங்கள். ஒரே ஃபைலாகத்தான் வேண்டும் என்றால் ஜிப், அதுவும் 'ஸ்டோர்' அளவில். ஜிப்பில் ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியாக இருப்பதால் ஒன்று கெட்டாலும் மற்றவற்றைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

வின்ரார் வாங்க ஒரு நியாயமான காரணம் உண்டென்றால் அது இங்கேதான். 'ரெகவரி ரெக்கார்ட்' என்று ஒரு வசதி அதில் இருக்கிறது. மூட்டையோடு கொஞ்சம் உபரித் தகவலையும் சேர்த்து எழுதி, பிறகு சிறு பழுது வந்தால் அதை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். செவன்-இசட்டில் அது இல்லை. காசு கொடுக்காமல் அதே பாதுகாப்பு வேண்டுமென்றால் பார்2 ஃபைல்கள் (உபரித் தகவலைத் தனியாக வைத்திருப்பவை) செய்யலாம்; விண்டோஸில் மல்டிபார் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். உங்கள் ஃபோல்டருக்குப் பத்து சதவீதம் உபரி வைத்துச் செய்தால், அந்த அளவு வரையிலான பழுதைச் சரிசெய்யும்.

இரண்டு வேறு டிஸ்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும், அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ. வருடத்துக்கு ஒரு முறை, பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போதே என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் செருகிச் சோதித்துப் பாருங்கள். ஜிப் என்றால் செவன்-ஜிப்பில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. பார்2 என்றால் 'வெரிஃபை'. பத்திரங்களின் அசல் தாள்களை மட்டும் ஸ்கேன் இருக்கிறதே என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.