வன்னியின் காற்றுக்கும் மணலுக்கும் எந்த ட்ரைபொட்?

கேள்வி: கிளிநொச்சியில் இருக்கிறேன். ஏபிஎஸ்-சி (சிறிய சென்சர்) கமரா ஒன்றும், 18–55, 70–300 என்று இரண்டு லென்ஸ்களும் உண்டு. இரணைமடுக் குளத்தில் விடியல், முல்லைத்தீவுக் கடற்கரையில் இரவு, சுண்டிக்குளம் களப்பில் பூநாரை என்று எடுக்க விருப்பம். போக்குவரத்தெல்லாம் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும்தான். இப்போதிருக்கும் மலிவு ட்ரைபொட்டில் வைத்து எடுத்தாலும் படம் ஆடிப்போய்த்தான் வருகிறது. 900 கிராம் நிறையுள்ள, 5 பகுதிக் கால் கொண்ட ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் போகும் இடங்களுக்கு 1.3 முதல் 1.6 கிலோ வரை நிறையுள்ள, 4 பகுதிக் கால் கொண்ட ட்ரைபொட்தான் சரி. கூடுதலாகச் சுமக்கப்போவது அரைக் கிலோ அளவுதான்.

காரணம், காலின் கடைசிக் குழாய். ட்ரைபொட் கால் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களால் ஆனது; ஒவ்வொரு பகுதியும் அதற்கு மேலுள்ளதைவிடச் சுமார் 3 மி.மீ. மெலிந்துகொண்டே போகும். மேல் குழாய் 25 மி.மீ. உள்ள 4 பகுதிக் காலில் கடைசிக் குழாய் 16 மி.மீ. இருக்கும். மேலே 22 மி.மீ. வைத்து 5 பகுதியாக்கினால் கடைசியில் மிஞ்சுவது 10 மி.மீ. குச்சி. சுவரின் தடிப்பு ஒன்றாக இருக்கும்போது, குழாய் வளையாமல் நிற்கும் பலம் விட்டத்தின் மும்மடியோடு ஏறும். ஆகவே 16 மி.மீ. குழாய் 10 மி.மீ. குழாயைவிட ஏறத்தாழ 4 மடங்கு விறைப்பானது. விளம்பரத்தில் மடித்த நீளம் 35 செ.மீ. என்பதைப் பெரிதாகப் போடுவார்கள். கடைசிக் குழாயின் விட்டத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 4 பகுதிக் கால், தலைகீழாக மடிகின்ற வகை என்றால், மடித்தால் 45 செ.மீ. அளவில் நிற்கும். பஸ்ஸில் மடியில் வைத்திருக்க அது போதும்.

அலுமினியமா, காபன் பைபரா என்பது அடுத்த கேள்வியாக வரும். ஒரே அளவில் காபன் சில நூறு கிராம் குறையும், அதிர்வும் கொஞ்சம் விரைவாக அடங்கும். ஆனால் விலை எங்கேயோ போய்விடும். மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகும்போது ஓரிடத்தில் ஓங்கி அடிபட்டால் வெடித்துவிடும். அலுமினியம் நெளியும், அவ்வளவுதான். அலுமினியக் காலை வாங்கி, மிஞ்சும் பணத்தை நல்ல போல்ஹெட்டில், அதாவது கமராவைத் தாங்கித் திருப்பும் பந்துமூட்டுத் தலையில், போடுவதே புத்தி. மலிவு ட்ரைபொட்டில் முதலில் கைவிடுவது காலல்ல, தலைதான்.

உயரத்தைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள். நீங்கள் 170 செ.மீ. உயரம் என்றால் கண் 158 செ.மீ. அளவில் இருக்கும். கமராவில் கண் வைத்துப் பார்க்கும் துளை அதன் அடியிலிருந்து 7, 8 செ.மீ. மேலே, போல்ஹெட் 9, 10 செ.மீ. இரண்டையும் கழித்தால், நடுத்தண்டை உயர்த்தாமல் கால் 140 செ.மீ. வந்தாலே நிமிர்ந்து நின்று எடுக்கலாம். 125 செ.மீ. வந்தாலும் குறையில்லை, கொஞ்சம் குனிய வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் உயரம் நடுத்தண்டை முழுதாக உயர்த்தி அளந்தது. அதை நம்பி வாங்காதீர்கள். நடுத்தண்டை உயர்த்திய அந்த நிமிடமே மூன்று கால் ட்ரைபொட்டுக்கு மேல் ஒற்றைக் கம்பத்தை நட்டதாகிவிடும். உங்கள் பழைய ட்ரைபொட்டில் படம் ஆடுவதற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். தண்டைக் கழற்றிவிடக்கூடிய வகை கிடைத்தால் இன்னும் நல்லது, நிலத்தோடு ஒட்டியும் வைக்கலாம்.

எவ்வளவு பாரம் தாங்கும் என்று எழுதியிருப்பதற்கும் எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. அது ஒடியாமல் தாங்கும் எடை, ஆடாமல் தாங்கும் எடை அல்ல. உங்கள் கமராவும் 70–300 லென்ஸும் சேர்ந்து ஏறத்தாழ 1.2 கிலோ வரலாம். 5 கிலோவுக்குக் குறைவாக எழுதியிருப்பதைத் தொடவேண்டாம். கமராவின் அடியில் பூட்டித் தலையில் பொருத்தும் பிளேட் ஆர்கா-சுவிஸ் அளவாக, அதாவது 38 மி.மீ. அகலமாக இருக்கட்டும், தொலைத்தால் அதே அளவில் செய்த வேறு கொம்பனிகளின் பிளேட்டும் பெரும்பாலும் பொருந்தும். தங்களுக்கென்று தனி அளவில் பிளேட் செய்யும் ட்ரைபொட்டில் அந்தச் சின்னத் துண்டு தொலைந்தால் முழு ட்ரைபொட்டும் சும்மா கிடக்கும்.

கடைக்குக் கமராவைக் கொண்டுபோங்கள். 70–300ஐப் பூட்டி, 300இல் வைத்து, தலையை இறுக்கி, திரையில் பார்க்கும் முறையில் 10 மடங்கு பெரிதாக்கி ஒரு பெயர்ப்பலகையின் எழுத்தைப் பாருங்கள். கையை எடுத்ததும் எழுத்து கீழே சறுக்கினால் தலை பலவீனம். லென்ஸை விரலால் மெல்லத் தட்டுங்கள். ஆட்டம் 2 செக்கனுக்குள் அடங்க வேண்டும். பிறகு எல்லாக் கால்களையும் நீட்டிப் பூட்டி, தலையில் உள்ளங்கையை வைத்து அமத்துங்கள். ஒரு கால் கூட உள்ளே இறங்கக்கூடாது. ஒன்லைனில் வாங்கினால் வந்த அன்றே இதைச் செய்து பாருங்கள், திருப்பி அனுப்பக் காலம் இருக்கும்போதே.

இனிப் பாவிக்கும் முறை. கால் நீட்டும்போது தடித்த பகுதியிலிருந்து தொடங்குங்கள். மெல்லிய கடைசிப் பகுதி தேவைப்பட்டால் மட்டும். ஒரு கால் லென்ஸ் பார்க்கும் திசையில் நிற்கட்டும், பாரம் முன்னுக்குச் சரியாது, மற்ற இரண்டு கால்களுக்கிடையில் நீங்கள் நிற்க இடமும் கிடைக்கும். சரிந்த தரையில், குளக்கட்டின் சரிவு போல, இரண்டு கால் பள்ளத்துப் பக்கம் இருக்க வேண்டும். கமராவை நெடுக்காகத் திருப்புவதானால், போல்ஹெட்டின் வெட்டு ஒரு காலுக்கு நேர்மேலே வரும்படி திருப்பிவிட்டுச் சரியுங்கள். இல்லாவிட்டால் பாரம் இரண்டு காலுக்கு நடுவே தொங்கி, காற்றடித்தால் கமரா நிலத்தில்.

ஷட்டரைக் கையால் அமத்தவேண்டாம், 2 செக்கன் டைமர் போதும். கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் என்றால் திரையில் பார்த்தே எடுங்கள்; கண்ணாடி எழும்பி அடிக்கும் அதிர்வு 1/60 முதல் 1 செக்கன் வரையான வேகங்களில்தான் படத்தில் நன்றாகத் தெரியும். விடியற்காலையில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்று வைத்தால் ஷட்டர் வேகம் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் வரும். ஒரு செக்கனுக்கு மேல் திறந்திருக்கும் படங்களுக்கு லென்ஸின் ஆட்டத் தடுப்பை நிறுத்திவிடுங்கள். பழைய லென்ஸ்களில் அது இல்லாத ஆட்டத்தைத் தேடித் தானே ஆடும்.

வன்னியில் ட்ரைபொட்டுக்கு உண்மையான சோதனை சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை, இரணைமடுவின் குளக்கட்டில் நின்றால் மறிக்க எதுவுமில்லாமல் அடிக்கும். பால்வெளியின் நடுப்பகுதி தெற்கு வானில் நன்றாகத் தெரிகிற இரவுகளும் இதே மாதங்களில்தான் வருகின்றன, அதனால் காற்றைத் தவிர்க்க வழியில்லை. கட்டுக்கு மேலே நிற்காமல் காற்றுப் படாத சரிவுப் பக்கம் இறங்கி, கடைசிப் பகுதியை நீட்டாமல், இடுப்புயரத்தில் வையுங்கள். கமராவின் கழுத்துப் பட்டியைக் கழற்றிவிடுங்கள் அல்லது சுற்றிக் கட்டுங்கள். அது காற்றில் படபடத்தே படத்தைக் கெடுக்கும். லென்ஸின் முன்மறைப்பையும் காற்றில் கழற்றலாம்.

நடுத்தண்டின் கொக்கியில் பையைத் தொங்கவிடச் சொல்லுவார்கள். தொங்கும் பை காற்றில் ஊசலாடினால் ட்ரைபொட்டையும் சேர்த்து ஆட்டும். பையின் அடி நிலத்தில் பட்டும் படாமலும் இருக்கவேண்டும். கமராப் பைக்குப் பதிலாக ஒரு வெறும் சொப்பிங் பாக்கை மடித்து வைத்திருங்கள். போகிற இடத்தில் 2, 3 கிலோ மணலை அள்ளிப் போட்டுக் கட்டித் தொங்கவிட்டு, வரும்போது கொட்டிவிட்டு வாருங்கள். 18 மி.மீ. லென்ஸில் நட்சத்திரம் புள்ளியாக வர 15 செக்கனைத் தாண்டவேண்டாம். தாண்டினால் வரும் கோட்டுக்கு ட்ரைபொட் பொறுப்பல்ல, பூமி சுற்றுகிறது.

வற்றிய குளத்தின் அடிமண் மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், கீழே களி. வைத்த நேரம் உறுதியாக நிற்கும் கால், ஐந்து நிமிடத்தில் ஒரு பக்கம் இறங்கும். இதற்கு விலையில்லாத மருந்து சிரட்டை. கண்ணில்லாத பாதி மூன்றை, வாய் மேலே பார்க்க வைத்து, அமத்தி மண்ணில் இருத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு காலை வையுங்கள். பாரம் பரந்துவிடும். காய்ந்த குறுமணலிலும் இதே வேலை செய்யும். குளம் வான்பாயும் நாட்களில் கதவுகளுக்குக் கிட்டவுள்ள கொங்கிரீட்டில் வைத்தால், தண்ணீர் விழுந்து அடிக்கும் வேகத்தில் அந்தத் தளமே நடுங்கும். விலகிப்போய் மண்ணில் வையுங்கள். பாலங்களிலும் வாகனம் போய் முடியும்வரை பொறுத்திருங்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை அல்லது வேலி உள்ள இடத்தில், முகமாலைப் பக்கம் போல, நல்ல கோணம் கிடைக்கிறது என்று பாதையை விட்டு இறங்காதீர்கள். ட்ரைபொட் காலை மண்ணில் குத்துவதும் காலால் மிதிப்பதும் ஒன்றே. இராணுவ முகாம்களுக்கு எதிரே ட்ரைபொட்டை விரிப்பதும் வீண் வம்பு.

கடற்கரையில் ஈரமணல் கல்லுப் போலத் தெரியும். அலை திரும்பும்போது காலடியிலிருந்து மணலை அரித்துக்கொண்டு போகும். 4 செக்கன் படத்தின் நடுவில் ட்ரைபொட் ஒரு மில்லிமீற்றர் இறங்கினாலே படம் போயிற்று. ஒவ்வொரு காலையும் முறுக்கி முறுக்கி இறக்குங்கள், இனி இறங்காது என்னும் வரை. இரண்டு அலை வந்து போகட்டும், பிறகு எடுங்கள். இங்கே மட்டும் மேலே சொன்னதற்கு மாறாக, கடைசிப் பகுதியையே முதலில் முழுதாக நீட்டுங்கள். அப்போதுதான் அதன் லொக் தண்ணீருக்கும் மணலுக்கும் மேலே நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் காலை மடிக்காமல், நீட்டியபடியே கழுவ வேண்டும். கழுவுவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். கரையோரக் கிணறுகளின் உவர்த் தண்ணீரில் கழுவினால் உப்பை எடுத்து உப்பைப் பூசியதாகும். நிழலில் காயவிட்டு, பிறகு முறுக்கும் லொக்கைத் திருகிக் கழற்றிக் குழாயை மெதுவாக இழுங்கள். குழாயின் மேல் நுனியில் இரண்டு பிளாஸ்டிக் அரைவட்டத் துண்டுகள் இருக்கும், அவற்றின் சின்ன மொட்டுகள் குழாயின் துளைகளில் பொருந்தியிருக்கும். அவற்றில் எது எந்தப் பக்கம் என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு காலை முழுதாக முடித்துவிட்டே அடுத்ததைக் கழற்றுங்கள். புரிகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, புரியில் மட்டும் மிக மெல்லியதாகக் கிறீஸ் பூசலாம். பிளாஸ்டிக் துண்டுகளில் எதுவும் படக்கூடாது, பட்டால் லொக் வழுக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அடுத்தமுறை மணல் முழுவதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கிளிப் லொக் உள்ள கால்களில் மணல் குறைவாகப் போகும், ஆனால் அதன் திருகு தளரும். மோட்டார் சைக்கிளின் அதிர்வில் எல்லாத் திருகுகளும்தான் தளரும். ட்ரைபொட்டோடு வந்த அலன் சாவியைப் பையிலேயே போட்டுவையுங்கள்.

சுண்டிக்குளத்துக்கு வருவோம். சென்சர் சிறியது என்பதால் 300 மி.மீ. லென்ஸ் உங்கள் கமராவில் ஏறத்தாழ 450 மி.மீ. லென்ஸின் பார்வையைத் தரும், சின்ன ஆட்டமும் பெரிதாகத் தெரியும். பறக்கிற பறவைக்கு ட்ரைபொட் வேண்டாம், 1/1000 அல்லது 1/2000இல் கையால் எடுங்கள். தண்ணீரில் நின்று மேய்கிற பூநாரைக்குத்தான் ட்ரைபொட். முன்பாரம் கூடியதால் பிளேட்டில் கமரா மெல்லச் சுழலும். திருகை நாணயத்தால் நன்றாக இறுக்குங்கள். பறவையைச் சட்டத்தில் கொஞ்சம் கீழே வைத்துப் பூட்டினால், தலை இறுகும்போது லென்ஸ் சற்றுத் தாழ்ந்து பறவை சரியான இடத்துக்கு ஏறும்.

எவ்வளவு இறுக்கினாலும் காலை 9, 10 மணிக்குப் பிறகு படம் மங்கினால் ட்ரைபொட்டைத் திட்டவேண்டாம். அது களப்புக்கு மேலே எழும் கானல். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்புகள் எல்லாம் ஒரே திசையில் இரட்டித்திருந்தால் ஆட்டம். ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு மாதிரி நெளிந்திருந்தால் கானல். பறவை மங்கி, முன்னுக்குள்ள புல் தெளிவாக இருந்தால் போகஸ் பிழை. கானலுக்கு விடியலில் போவதும் கிட்டப் போவதும் தவிர வேறு வழியில்லை.

கடைசியாக, வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா போன்ற சனநெரிசலில் மூன்று கால் விரிக்கக்கூடாது. யாராவது தடக்கி விழுவார்கள். மூன்று காலையும் சேர்த்துப் பிடித்து ஒற்றைக் கால்போல ஊன்றலாம். அதற்கும் இடமில்லை என்றால், ஹாட்வெயாரில் 1/4 அங்குலப் போல்ட் ஒன்றும் உறுதியான நூல் 2 மீற்றரும் வாங்குங்கள். போல்ட்டைக் கமராவின் அடித்துளையில் கையால் பூட்டி, அதில் கட்டிய நூலை மிதித்துக்கொண்டு கமராவை மேலே இழுத்துப் பிடித்தால், மேல்கீழ் ஆட்டம் நன்றாகக் குறையும். சாதாரணமாக 1/60இல் நிற்கும் கை 1/15 வரை இறங்கலாம். போல்ட் உள்ளே 5 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. நீளம் கூடினால் வொஷர்களைப் போட்டுக் குறைத்துவிட்டுப் பூட்டுங்கள். அமத்தித் திருகினால் கமராவின் அடித்தட்டு உடையும்.