வற்றிப்போன பேட்டரிக்கு உயிர் கொடுக்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். விடியற்காலையில் காசிமேடு சென்று மீன் எடுத்து வர மின் ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன். 48 வோல்ட் லித்தியம் அயான் பேட்டரி. சார்ஜ் தீர்ந்த நிலையிலேயே விட்டுவிட்டு இரண்டு மாதம் ஊருக்குப் போய்விட்டேன். இப்போது சார்ஜரைச் செருகினால் ஏற்கவே மறுக்கிறது. வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து எழுப்பிவிடலாம் என்கிறார் தெரிந்த மெக்கானிக். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சார்ஜ் ஏறாமல் தடுப்பது பெரும்பாலும் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு மின்சுற்றுதான். அதைத் தாண்டி மின்சாரம் கொடுப்பதைத்தான் மெக்கானிக் 'எழுப்புவது' என்கிறார்.

48 வோல்ட் பேட்டரியில் பொதுவாக 13 செல் வரிசைகள் இருக்கும். நிறைந்த செல்லில் 4.2 வோல்ட், சுமார் 2.5-க்குக் கீழே இறங்கவே கூடாது. வண்டி பூஜ்யம் காட்டும்போதும் உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தைப் பாதுகாப்பு மின்சுற்றே இரண்டு மாதமாகச் சொட்டுச் சொட்டாகக் குடித்திருக்கும்.

ஒரு வோல்ட்டுக்கும் கீழே நெடுநாள் கிடந்தால், செல்லுக்குள் இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்குகிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து, நடுவில் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பைத் துளைத்துவிடக்கூடும். அப்புறம் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட், சூடு, தீ. அன்றைக்கே நடக்க வேண்டும் என்பதில்லை. நன்றாக ஓடுகிறதே என்று நம்பிய பிறகும் நடக்கலாம். எனக்குப் பயம் தருவது இதுதான்.

அண்மையில் நான் திறந்த ஒரு பேட்டரியில் மொத்தம் 37.8 வோல்ட் காட்டியது. பரவாயில்லை என்றே தோன்றும். வரிசை வரிசையாக மீட்டர் வைத்தபோது பன்னிரண்டில் 3.1, ஒன்றில் மட்டும் 0.6. வெளியிலிருந்து ஒயர் கொடுப்பவருக்கு அந்த ஒன்று தெரியவே தெரியாது.

எனவே நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் ஒவ்வொரு வரிசையையும் அளக்கச் சொல்லுங்கள். லேசாக இறங்கியிருந்தால் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் மெல்ல ஏற்றிப் பார்ப்பார்கள். ஒரு வோல்ட்டை ஒட்டியோ அதற்குக் கீழேயோ எந்த வரிசை இருந்தாலும் செல்களை மாற்றத்தான் வேண்டும், செலவைப் பார்க்காதீர்கள். அதுவரை வீட்டு வாசலிலோ மாடிப்படிக்குக் கீழேயோ வைக்காதீர்கள். நம் சந்து வீடுகளில் வெளியேற அந்த ஒரு வழிதானே இருக்கிறது! உப்பியிருந்தால் தொடவே வேண்டாம், சர்வீஸ் மையத்தாரையே வரச் சொல்லுங்கள். குப்பையில் போட்டால் கொடுங்கையூர் கிடங்கில் தீப்பிடிக்கலாம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாதி சார்ஜில் விட்டு, வண்டியின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள். மாதம் ஒருமுறை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.