புட்டிங் ஏன் பற்றவில்லை?

கிறிஸ்துமஸ் புட்டிங் (உலர்பழம் சேர்த்து வேகவைத்த பிரிட்டிஷ் இனிப்பு) மேல் பிராந்தி ஊற்றித் தீமூட்டிப் பரிமாறுவார்கள்; பிரான்சில் நீங்கள் முயன்றபோது அது பற்றவில்லை என்கிறீர்கள். பிராந்தியைச் சூடாக்காமல் ஊற்றியிருப்பீர்கள். பிரெஞ்சு நண்பர்கள் முன்னால் கிறிஸ்துமஸ் புட்டிங் பற்றாமல் போக அதுதான் வழக்கமான காரணம். 40% பிராந்தியில் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி எழ, சுமார் 26 டிகிரியாவது வேண்டும். ஆறிய புட்டிங் அந்தச் சூட்டையும் குடித்துவிடும்.

அங்கே கிடைக்கும் பிரெஞ்சு பிராந்தியான கொன்யாக்கே போதும். 3 மேசைக்கரண்டி எடுத்து, லேசாக ஆவி பறக்கும்வரை மட்டும் சூடாக்குங்கள். கொதித்தால் ஆல்கஹால் போய்விடும். அடுப்பை அணைத்து, நீளத் தீக்குச்சியால் பற்றவைத்து, சூடான புட்டிங்மேல் ஊற்றுங்கள். அறை விளக்கை அணைத்தால்தான் நீலச் சுடர் தெரியும்.

புட்டி லேபிளையும் பாருங்கள்: பினோ தெ ஷராந்த் என்ற இனிப்பு மது 17% வாக்கில்தான் இருக்கும், எரியாது.

புட்டியிலிருந்து நேராகத் தீயில் ஊற்றாதீர்கள். கிறிஸ்துமஸ் கிராக்கரில் (இருவர் இழுத்துப் பிரிக்கும் காகிதக் குழல்) வந்த காகிதக் கிரீடத்தைக் கழற்றிவிட்டுக் குனியுங்கள். புட்டிங் உச்சியில் அலங்காரமாகச் செருகிய ஹோலி என்ற செடியின் கிளையை முதலிலேயே எடுத்துவிடுங்கள். அதன் பழம் நஞ்சு, விருந்தினருக்குத் தெரிந்திருக்காது.