பத்து மாதக் குழந்தைக்கு வாந்தி, பேதி: பாலை நிறுத்தலாமா?

நிறுத்தவே நிறுத்தாதீர்கள். "வயிறு காயட்டும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பேதியில் ஆபத்தே உடம்பின் நீரும் உப்பும் வெளியே போவதுதான், அதனால் தாய்ப்பாலை வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். கூடவே ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொடியைக் கரைத்துக் கொடுங்கள். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர், சின்னது என்றால் 200 மில்லி, கொதித்து ஆறிய தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். கண்ணளவாகப் பாதி போட்டால் உப்பு கூடியோ குறைந்தோ போகும், இரண்டும் கெடுதல். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். டப்பாவில் வரும் பழச்சுவை பானம் வேண்டாம், அதிலுள்ள சர்க்கரை பேதியைக் கூட்டும்.

ஒவ்வொரு முறை பேதி போன பிறகும் ஓ.ஆர்.எஸ். 50 முதல் 100 மில்லி. குடித்ததும் கக்கிவிட்டால் பத்து நிமிஷம் தோளில் போட்டு வைத்திருந்து, அப்புறம் இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் என்று மெதுவாக ஊட்டுங்கள், ராத்திரி தூக்கம் போகும், ஆனால் உள்ளே தங்கும். குழைந்த சாதம், இட்லி கொடுக்கலாம். துத்தநாகச் சொட்டு மருந்தை டாக்டர் எழுதித் தந்தால், பேதி நின்றாலும் 14 நாளும் கொடுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் உள்வாங்கியிருக்கிறது, மலத்தில் ரத்தம், எழுப்பினாலும் துவண்டு விழுகிறது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.