பெடல் ஊதாது

கேள்வி: நார்வே ட்ரம்பெட் கலைஞர் நில்ஸ் பெட்டர் மோல்வேரை ஜாஸ் மேதை என்கிறார்கள். கம்ப்யூட்டர் தாளம் போடுகிறது, இவர் எதிரொலியைக் கூட்டிவிட்டு நாலு சுரம் ஊதுகிறார். ஒழுங்காக ஜாஸ் வாசிக்க வராததால்தானே இந்த வேலை? காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடல் பெட்டியை வாங்கிக் கொடுத்தால் எங்கள் ஊர் பேண்டு வாத்தியக்காரரே ஊதிவிடுவாரே!
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் ஊர் பேண்டு வாத்தியக்காரரை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஊர்வலம் முடியும்வரை ஊதுகிற உதடு அது. பெடல் பற்றித்தான் தப்புக்கணக்குப் போடுகிறீர்கள்.

முதலில் ‘வாசிக்க வராததால்’ என்ற குற்றச்சாட்டு. மோல்வேர் 1960-இல் நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள சூலா தீவில் பிறந்தவர். டிரான்ட்ஹைமில் இசை படித்தவர். பாஸ் கலைஞர் ஆரில்ட் ஆண்டர்சன், டிரம்மர் யான் கிறிஸ்டென்சன் என்ற இரண்டு பெரிய கைகளோடு ‘மாஸ்குவாலெரோ’ குழுவில் ஊதினார். அந்தக் குழுவின் முதல் ஆல்பம் 1983-இல் வந்தது. சொந்தப் பெயரில் அவர் வெளியிட்ட முதல் ஆல்பமான ‘க்மெர்’ வந்தது 1997-இல். நடுவில் 14 வருஷம்! ஜாஸ் தெரியாதவரை ஆண்டர்சன் தன் பக்கத்தில் நிற்க வைத்திருப்பாரா?

வழியும் அவர் புதிதாக வெட்டியதல்ல. அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1970 வாக்கிலேயே ட்ரம்பெட்டை, ஒலியை ‘வா-வா’ என்று திறந்து மூடும் வா-வா பெடலில் செருகிவிட்டார். அடுத்தவர் அமெரிக்கர் ஜான் ஹாசல். இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான் நாத்திடம் ராகம் கற்று, நாம் ஜாரு என்கிறோமே, அந்தச் சறுக்கலை ட்ரம்பெட்டில் கொண்டுவந்தவர் அவர். மோல்வேரின் தொனியில் இவர்கள் இருவரும் இருக்கிறார்கள். அவர் கூடுதலாகக் கொண்டுவந்தது 90-களின் வேகமான எலெக்ட்ரானிக் நடன இசையான டிரம் அண்ட் பாஸின் தாளத்தை.

இனி உங்கள் பெடலுக்கு வருவோம். அந்தத் தொனியில் பாதி காற்று. மைக்குக்கு வெகு அருகில், உதடு அதிர்வதும் அதிராததுமான எல்லையில் ஊத வேண்டும். மூச்சு ஒரு பிடி குறைந்தால் சுருதி இறங்கும். இன்னும் குறைந்தால் சுரமே நின்று வெறும் ‘ஸ்ஸ்’ மிஞ்சும். ஊர்வலத்தில் ஊதுவதற்கு நேர் எதிர்வேலை இது. சத்தம் சின்னது என்று, மைக்கின் ஒலியைப் பெருக்கும் கெய்னைத் தூக்கி வைத்தால், அடுத்து ஓங்கி ஊதும் சுரத்தில் எல்லாம் உடையும். அதனால் உச்சச் சுரத்தை ஊதிப் பார்த்துத்தான் கெய்ன் வைப்பார்கள். சன்ன ஒலிக்கும் ஓங்கிய ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரெசரை அதிகம் திருப்பினால், கலைஞரைப் பார்த்து வைத்த மேடை ஸ்பீக்கர் (மானிட்டர்) ஊளையிடும். ஸ்கேல் பார்த்து ஜோடிச் சுரம் சேர்க்கும் ஹார்மனைசரோ, காற்று மிகுந்த ஒலியில் எது சுரம் என்று தெரியாமல் தடுமாறும்.

எதிரொலி இன்னும் கறார். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டு 500 மில்லிசெகண்ட். எதிரொலி முக்கால் தட்டு கழித்து வர, டிலே (எதிரொலி வரும் இடைவெளி) 375. டிரம்மர் உற்சாகத்தில் 124-க்கு ஏறினால் அது 363 ஆகியிருக்க வேண்டும். பெடல் பழையபடி 375-லேயே நிற்கும். ஒவ்வொரு எதிரொலிக்கும் 12 பிந்தி, நாலாவது 48 மில்லிசெகண்ட் தள்ளி விழும். காது உடனே பிடித்துவிடும். அந்தத் தாளத்தில் கம்ப்யூட்டர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதையும் மீறி, நிஜ டிரம்மர் ரூனே ஆர்னெசன் அதன்மேல் உட்கார்ந்து வாசிக்கிறார். அதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்று யோசியுங்கள்.

‘நாலு சுரம்’ என்று கேலி செய்தீர்கள். அதுவும் காரணத்தோடுதான். ஊதின சுரம் இரண்டு மூன்று விநாடி தொங்கிக்கொண்டிருக்கும்போது கார்டு (கூட்டுச் சுரம்) மாறினால் பழையதும் புதியதும் முட்டிக்கொள்ளும். அதிவேக ஜாஸ் பாணியான பீபாப் வேகத்தில் ஊதினால் கூழ்தான். அதனால் இந்த இசையில் அடிநாதம் நெடுநேரம் அசையாது. ட்ரம்பெட் இடம் விட்டு விட்டு ஊதும். இடைவெளியை ஐவின்ட் ஓர்செட்டின் கிதார் நிரப்பும். அடுத்த சுரத்தை எப்போது ஊதக் கூடாது என்பதை எந்தப் பெட்டியும் சொல்லித்தராது.

சந்தேகம் தீரவில்லையா? ‘க்மெர்’ ஆல்பத்தில் ‘ஆன் ஸ்ட்ரீம்’ கேளுங்கள், ஹெட்போனில். பிறகு 2000-இல் வந்த ‘சாலிட் ஈத்தர்’. அதில் தாளம் இன்னும் முரட்டுத்தனம். கம்ப்யூட்டர் தாளம் இல்லாமல் கேட்டால்தான் ஒத்துக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடித்தால், மாஸ்குவாலெரோவின் ‘பாண்ட் ஆ பார்’, 1986. கேட்டுவிட்டு எழுதுங்கள், பக்கத்தில் இடம் ஒதுக்குகிறேன்.